மரச்சட்டகத்தைப் படிக்கும் முறை: கட்டடக்கலை பயில்வோருக்கு ஒரு திறந்த மடல்

கட்டடக்கலை பயிலும் தமிழ் மாணவர்களுக்கு,

மரச்சட்டகக் கட்டடம் என்றதும் பாடநூல்களும் சுற்றுலாப் படங்களும் முதலில் காட்டுவது வெள்ளைச் சுவரில் ஓடும் கறுப்புக் கோடுகளையே. வரைபடப் பயிற்சிகளில் மாணவர் வரைவதும் அந்தக் கோடுகளைத்தான். மலைவாழிட விடுதிகள் கான்கிரீட் சுவரின்மேல் கறுப்புப் பலகைகளை ஒட்டி 'டியூடர் பாணி' என்று விளம்பரம் செய்வதும் அந்தக் கோடுகளின் பெயரால்தான். இந்தக் கட்டடங்களின் கட்டுமானம் கோடுகளில் இல்லை, மரங்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் பொருத்துகளில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு கட்டடத்தைக் கொண்டு எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம். அதற்குத் தேர்ந்துகொண்ட கட்டடம், கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள லாவெனம் என்னும் சிற்றூரின் சந்தைத் திடலில், தெருமுனையில், 1529-ஆம் ஆண்டையொட்டி எழுந்த கார்ப்பஸ் கிறிஸ்டி சங்க மண்டபமாகும்.

சட்டகம் என்றால் என்ன என்பதை இன்றைய மாணவருக்கு விளக்குவது எளிது. தூணும் விட்டமும் சுமையைத் தாங்க, இடையில் உள்ள செங்கற்சுவர் வெறும் மறைப்பாக நிற்கும் கான்கிரீட் கட்டடங்களில்தான் இன்று பெரும்பாலோர் வாழ்கின்றனர். லாவெனம் மண்டபமும் அதே கொள்கையில் அமைந்ததே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. கம்பி கட்டி வார்க்கப்படும் கான்கிரீட்டில் தூணும் விட்டமும் ஒரே உடலாக இறுகிவிடுவதால் அந்தச் சந்திப்பு வளைவை எதிர்த்து நிற்கிறது. மரத்திலோ, ஒரு மரத்தின் முனையில் செதுக்கப்பட்ட நாக்கு இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழைந்து, குறுக்கே அடிக்கப்பட்ட ஒரு மர முளையால் பிடிக்கப்படுகிறதே தவிர இறுகுவதில்லை, கீல் போலச் சற்றே அசைய இடமுண்டு. நான்கு மரங்களைச் சதுரமாகப் பொருத்தினால் காற்று தள்ளும்போது அது சாய்சதுரமாகிச் சரியும். ஆகையால் மூலைகளில் சாய்வாக ஒரு மரத்தை இட்டு முக்கோணம் ஆக்க வேண்டியிருந்தது. சாய்தாங்கி எனப்படும் அந்த மரம்தான் கட்டடத்தை நிமிர்த்தி வைக்கிறது. மரச்சட்டகச் சுவர் ஒன்றைக் காண்பவர் முதலில் தேட வேண்டியது அதையே. லாவெனத்தில் அது எளிதில் கண்ணில் படாது என்பது பின்னர் விளங்கும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாவெனம் கம்பளித் துணியால், குறிப்பாக நீலச் சாயமிட்ட கனத்த துணியால், பெரும்பொருள் ஈட்டிய ஊராக இருந்தது. 1524-25 வரிப் பதிவுகளில் இங்கிலாந்தின் செல்வம் மிக்க முதல் இருபது ஊர்களுள் ஒன்றாக அது இடம்பெற்றது. ஊர்க் கோயிலின் 141 அடி உயரக் கோபுரத்துக்குப் பொருள் அளித்தவர்களுள் முதன்மையானவர் 1523-இல் மறைந்த துணி வணிகர் மூன்றாம் தாமஸ் ஸ்பிரிங். மண்டபத்தைக் கட்டிய சங்கம் நெசவாளர் சங்கமோ வணிகர் சங்கமோ அன்று. கிறிஸ்துவின் திருவுடல் விழாவைக் கொண்டாடவும், இறந்த உறுப்பினர்களுக்காக மன்றாடவும், விருந்து கூடவும் ஏற்பட்ட சமயச் சங்கம் அது. எனினும் உறுப்பினர்கள் ஊரின் செல்வர்களே என்பதைக் கட்டடம் மறைக்கவில்லை. எட்வர்ட் அரசரின் காலத்தில், 1547-இல் வந்த சட்டம் இத்தகைய சங்கங்களைக் கலைத்ததால், எந்தப் பயனுக்காக மண்டபம் எழுந்ததோ அந்தப் பயனை அது இருபது ஆண்டு கூடக் காணவில்லை. அதன்பின் அது சிறைக்கூடமாகவும் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகவும் மாறி, இன்று தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. சட்டகக் கட்டடத்தின் ஒரு வசதி இதில் புலப்படுகிறது: சுமை தாங்காத சுவரை எடுத்தாலும் வைத்தாலும் கூரை நிற்கும்.

மரத்துக்கு வருவோம். இத்தகைய கட்டடங்களுக்கு ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே தச்சர் பயன்படுத்தினர். காய்ந்த ஓக் உளியை எதிர்க்கும் அளவுக்கு இறுகிவிடும், அவ்வளவு பருத்த உத்தரங்கள் உள்வரை காயப் பல்லாண்டுகள் ஆகும். ஈர மரம் கட்டடத்தில் நின்றபடியே காய்ந்தது. காயும் மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கி முறுகும். ஆகவே தூண்களின் உயரம் மாறாமல் இருக்க, கிடைமரங்கள் மட்டும் மெலிந்து வளைகின்றன. லாவெனத் தெருக்களில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதைக் காண்போர் அதைத் தச்சரின் கவனக்குறைவு என்றோ முதுமையின் அழகு என்றோ எடுத்துக்கொள்கின்றனர். அந்த வளைவுகளில் கணிசமான பங்கு மரம் காய்ந்த காலத்திலேயே ஏற்பட்டவை என்பதும், தச்சர் அதை எதிர்பார்த்தே வேலை செய்தனர் என்பதும் பொருத்துகளை ஆராய்ந்தால்தான் தெரியும். நாக்கில் முளைக்காக இடும் துளையைச் சரியான இடத்தில் இடாமல், பொருத்தின் தோள்பக்கம் நூலிழை தள்ளி இட்டனர். கூம்பிய முளையை அடித்து இறக்கும்போது விலகி நின்ற துளைகள் நேராக முயல்வதால் நாக்கு உள்ளே இழுக்கப்படுகிறது, பின்னர் மரம் சுருங்கினாலும் அந்த இழுவிசை பிடியைத் தளரவிடுவதில்லை. திருகாணியும் பசையும் செய்யும் வேலையை ஒரு துளையின் இடப்பிசகு செய்திருக்கிறது.

சுவர்கள் நின்ற இடத்திலேயே கட்டப்பட்டவை அல்ல. தச்சரின் களத்தில் ஒவ்வொரு சுவரையும் தரையில் கிடத்தி, மரங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, தூக்குக்குண்டின் உதவியால் வளைவுக்கேற்ற வளைவைக் குறித்து, செதுக்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு, மீண்டும் பிரித்து, மனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினர். இயந்திரத்தில் அறுத்த மரங்களைப் போல இவை ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. குறிப்பிட்ட நாக்கு குறிப்பிட்ட துளைக்கு மட்டுமே பொருந்தும். ஆகையால் ஒவ்வொரு பொருத்தின் இருபுறமும் ஒரே எண்ணை உளியால் வெட்டிக் குறித்தனர். ரோமன் எண்கள் நேர்கோடுகளால் ஆனவை என்பதால் உளிக்கு ஏற்றவை. நான்கை ஐந்துக்கு ஒன்று குறைவாக எழுதாமல் நான்கு கோடுகளாகவே வெட்டினர், ஏனெனில் மரம் தலைகீழாகக் கிடக்கும்போது நான்கும் ஆறும் மயங்கிவிடக் கூடாது. சுவரைக் கிடத்தியபோது மேலே இருந்த முகமே பெரும்பாலும் தெருவை நோக்கியது. அந்த முகத்தில்தான் மரங்கள் ஒரே மட்டமாக இருக்கும், மறுமுகம் மேடு பள்ளமாக விடப்பட்டிருக்கும்.

பிரித்துச் சேர்க்கத்தக்கது என்ற இந்த இயல்புக்கு லாவெனத்திலேயே வரலாற்றுச் சான்று உண்டு. அவ்வூரின் மற்றொரு இடைக்கால மண்டபமான கம்பளி மண்டபத்தை 1911-இல் இளவரசி லூயிஸ் வாங்க, அது பிரிக்கப்பட்டு, மரம் மரமாக அஸ்காட் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஊரார் எதிர்ப்புத் தெரிவித்ததால் அதே மரங்கள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே மறுபடி நிறுத்தப்பட்டன. பின்னாளில் அது அருகிலிருந்த ஸ்வான் விடுதியோடு இணைக்கப்பட்டது. கல்லாலும் சாந்தாலும் ஆன மண்டபம் இப்பயணத்தைத் தாங்கியிராது.

பொருத்துகளுள் ஒன்றையேனும் மாணவர் அருகில் நின்று பார்க்க வேண்டும் எனில், அது தூணின் தலையில் அமைவதாக இருக்கட்டும். ஆங்கில மரவேலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பல நூற்றாண்டுகள் அது வழக்கில் இருந்தது. அங்கே மூன்று மரங்கள் கூடுகின்றன: நின்ற தூண், சுவரின் நீளவாக்கில் ஓடிக் கைமரங்களைத் தாங்கும் மேற்சட்டம், கட்டடத்தின் குறுக்கே ஓடி இரு சுவர்களையும் பிணைக்கும் குறுக்குவிட்டம். மூன்றையும் ஒரே இடத்தில் துளையிட்டால் எதிலும் வலு மிஞ்சாது. எனவே தச்சர் மரத்தைத் தலைகீழாக, வேர்ப்பக்கம் மேலிருக்குமாறு தூணாக நிறுத்தினர். வேரையொட்டி இயல்பாகவே அகலும் அடிமரம் இப்போது தூணின் தடித்த தலையாகிறது. அதை இரு படிகளாகச் செதுக்கி, வெளிப்புறத்தின் தாழ்ந்த படியில் ஒரு நாக்கை மேற்சட்டத்தின் அடித்துளைக்குள்ளும், உட்புறத்தின் உயர்ந்த படியில் முதலாவதற்குக் குறுக்கான திசையில் மற்றொரு நாக்கைக் குறுக்குவிட்டத்தின் அடித்துளைக்குள்ளும் செலுத்தினர். குறுக்குவிட்டமோ மேற்சட்டத்தின் மேல் ஏறி அமர்ந்து, வெளிமுனையில் அகன்றும் உள்ளே குறுகியும் வெட்டப்பட்ட விசிறி வடிவப் பள்ளத்தால் அதைக் கவ்விக்கொள்கிறது. கூரையின் பாரம் கைமரங்கள் வழியாக மேற்சட்டத்தை வெளியே தள்ள முயலும்போது, அந்த விசிறிப் பிடியும் இரு நாக்குகளும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. ஈர மரம் சுருங்கும்போது விசிறிப் பிடி சற்றே தளர்வது இதன் குறை. அப்போது தூணின் உட்புற நாக்கே முதன்மையாகத் தாங்குகிறது. மூன்று மரங்கள், இரண்டு நாக்குகள், ஒரு கவ்வல் என்று இவ்வளவு அடங்கிய இடத்தைத் தெருவில் நிற்பவரால் பார்க்கவே முடியாது.

தெருவில் நிற்பவர் காண்பது மேல்தளத்தின் நீட்டத்தை. கீழ்த்தளச் சுவரைத் தாண்டி மேல்தளம் தெருவின் பக்கம் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் அமைப்பு இது: தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் கீழ்ச்சுவரைக் கடந்து வெளியே நீட்டி நிற்க, அவற்றின் நுனியில் மேற்சுவர் எழுகிறது. ஒரு பக்கம் மட்டும் நீட்டுவது எளிது. லாவெனம் மண்டபம் தெருமுனையில் நிற்பதால் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் நீட்ட வேண்டியிருந்தது. சட்டங்களோ ஒரே திசையில்தான் ஓட முடியும். இச்சிக்கலைத் தீர்ப்பது மூலைவிட்டம்: அறையின் உள்ளிருந்து வெளிமூலையை நோக்கிச் சாய்கோணத்தில் ஒரு பருத்த விட்டத்தை இட்டு, அதன் இருபுறமும் சட்டங்களைப் பொருத்தினால் ஒரு பகுதி ஒரு தெருவுக்கும் மறுபகுதி மறு தெருவுக்கும் நீளும். அந்த விட்டத்தின் முழுப் பாரமும் மூலைத்தூணின் மேல் இறங்குவதால் அத்தூண் மற்றவற்றினும் பருத்திருக்கும். அதைச் செதுக்கிச் சிற்பமாக்குவதும் வழக்கம். இம்மண்டபத்தின் மூலைத்தூணில் காற்றும் மழையும் தேய்த்த உருவம் ஒன்று இன்றும் இருக்கிறது.

இந்த நீட்டம் எதற்காக என்பதில் கருத்துகள் பல. நெருக்கமான நகரத் தெருவில் மேல்தளத்தில் இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது ஒன்று. நீட்டிய நுனியில் சுவரின் பாரம் அழுத்துவதால் அறை நடுவில் தளம் தொய்வது குறையும் என்பது இன்னொன்று. கூரை வரை உயரும் நெடிய தூண்களைத் தேட வேண்டியதில்லை, தளத்துக்குத் தளம் குட்டையான தூண்கள் போதும் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் லாவெனத்தின் சந்தைத் திடல் அகன்றது, இடநெருக்கடி அங்கே காரணமாக இருந்திருக்க முடியாது. இத்தகைய வீடுகள் பலவற்றில் நீட்டம் தெருப்பக்கம் மட்டும் அமைந்து கொல்லைப்பக்கம் இல்லாமல் இருப்பதும் கவனிக்கத்தக்கது. பொறியியல் காரணங்கள் கொல்லைப்பக்கத்துக்கும் பொருந்துமே! பார்ப்போர் மதிக்க வேண்டும் என்ற விருப்பமே முதற்காரணம் என்று கொள்வதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது.

சுவரின் முகத்திலும் அதே விருப்பம் தெரிகிறது. பெருந்தூண்களுக்கு இடையே நிற்கும் மெல்லிய நிலைமரங்களை இடைக்கால்கள் எனலாம். சுவர் நிற்க அவை அகல இடைவெளியில் இருந்தாலே போதும்; இம்மண்டபத்திலோ, இடைக்காலின் அகலமும் இடைவெளியின் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி நெருக்கி நிறுத்தியிருக்கின்றனர். ஓக் மரத்தை இவ்வளவு அள்ளி இறைக்க எங்களால் முடியும் என்று சங்கம் ஊருக்குச் சொன்ன அறிவிப்பு அது. இந்த நிலைக்கோடுகளின் ஒழுங்கைச் சாய்தாங்கி குலைத்துவிடும் என்பதால் சஃபோக் தச்சர் பல கட்டடங்களில் அதைச் சுவரின் உட்புறத்தில் பதித்து, இடைக்கால்களின் முதுகில் பள்ளம் வெட்டிக் கடத்திச் சென்றனர். ஆக, கட்டடத்தை நிற்கவைக்கும் மரம் தெருவிலிருந்து மறைக்கப்படுகிறது, நிற்பதற்குத் தேவையில்லாத மரங்கள் தெருவில் அணிவகுக்கின்றன. கட்டமைப்பை ஒளிக்காமல் வெளிக்காட்டும் நேர்மை இக்கட்டடங்களில் உண்டு என்று சில நூல்கள் பாராட்டுவது இந்த இடத்தில் சற்றே தடுமாறுகிறது.

இடைவெளிகளை அடைத்த முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: பிளந்த குச்சிகளைத் தட்டியாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்த சாந்தை இருபுறமும் அப்பி, சுண்ணாம்பு பூசினர். மரம் அசையும்போது இச்சாந்தும் சற்றே நெகிழும். மழையில் நனைந்தாலும் ஈரத்தைத் தன்னுள் தேக்காமல் காற்றில் விடும்.

நிறத்தைப் பற்றிய தவறான எண்ணம்தான் மாணவரிடம் ஆழப் பதிந்திருப்பது. கிழக்கு இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குக் கறுப்பு அடிக்கும் வழக்கம் பழமையானது அன்று. மரம் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாக வெளிற விடப்பட்டது, அல்லது சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரோடு சேர்த்து மரத்தின்மேலும் அடிக்கப்பட்டது. நிலக்கரித் தார் மலிவாகக் கிடைத்த பிற்காலத்தில்தான், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழமை மோகத்தில்தான், கறுப்பு பரவியது. மேற்குப் பகுதியின் செஸ்டர் நகரில் பயணிகள் வியந்து படம் பிடிக்கும் கறுப்பு வெள்ளை முகப்புகளில் பல, ஜான் டக்ளஸ் முதலிய விக்டோரியக் காலக் கட்டடக் கலைஞர் புதிதாக வடித்தவை. லாவெனம் மண்டபம் இன்று வெளிறிய மரத்தோடு நிற்கிறது. 'டியூடர் பாணி' விடுதியின் உரிமையாளர் அதைக் கண்டால் வண்ணம் பூச மறந்துவிட்டார்கள் என்றே நினைப்பார்.

இவ்வளவு கட்டடங்கள் ஒரு சிற்றூரில் எஞ்சியதற்குக் காரணம் பாதுகாப்பு உணர்வு அன்று, வறுமை. 1525-இல் எட்டாம் ஹென்றி அரசர் போருக்காகக் கேட்ட வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் லாவெனத்தில் திரண்டபோதே துணித்தொழில் தள்ளாடத் தொடங்கியிருந்தது. பின்னர்க் கால்செஸ்டர் முதலிய ஊர்களில் குடியேறிய அயலக நெசவாளரின் மெல்லிய, மலிவான துணிகள் சந்தையைப் பிடித்தன. 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின் லண்டனில் செங்கல்லும் கல்லும் கட்டாயமாயின, பிற ஊர்களின் செல்வர் நாகரிகம் கருதித் தம் மரவீடுகளை இடித்தோ செங்கல் முகப்பால் மூடியோ மாற்றினர். லாவெனத்தாரிடம் அதற்குப் பணம் இல்லை. இன்று அச்சிற்றூரில் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்கள் முந்நூறுக்கும் மேல்.

எஞ்சியவற்றைப் படிக்கும் முறையை உருவாக்கியவர்களுள் சிசில் ஹெவெட் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். எசெக்ஸ் பகுதியின் களஞ்சியங்களிலும் கோயில்களிலும் பொருத்துகளை ஒவ்வொன்றாக வரைந்து, பொருத்தின் வடிவமே காலத்தைக் காட்டும் என்று 1969-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணும் முறை பின்னர் அவர் கணித்த காலங்களில் சிலவற்றைத் திருத்தியது. பட்டையை ஒட்டிய வெளிமரம் எஞ்சியிருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே அம்முறையால் சொல்ல முடியும். ஆயினும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தியது ஹெவெட்டின் பென்சில்தான். விட்டத்தின் அடியில் எதுவும் நுழையாத வெற்றுத்துளைகள் வரிசையாக இருந்தால் அங்கே ஒரு சுவர் இருந்து அகற்றப்பட்டிருக்கிறது. சாய்சதுர வடிவச் சிறு குழிகள் தெரிந்தால் அங்கே கண்ணாடி இல்லாமல் மரக்கம்பிகள் மட்டும் நிறுத்திய சன்னல் இருந்திருக்கிறது, அருகில் ஒரு நீண்ட காடி ஓடினால் அச்சன்னலின் அடைப்புப் பலகை அதில் வழுக்கி நகர்ந்திருக்கிறது. எழுத்து ஆவணம் ஒன்றும் இல்லாத வீட்டிலும் இவ்வளவு சான்று கிடைக்கும்.

இச்சான்றுகளை அழிப்பதில் தீயைவிடவும் பழுதுபார்ப்போருக்குப் பங்கு அதிகம். இருபதாம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சாந்துக்கு மாற்றாகச் சிமென்ட் வந்தது. அது மரத்தோடு சேர்ந்து அசையாததால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடுகிறது, அதன் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி அடிச்சட்டத்தில், அதாவது சுவரின் அடியில் கிடந்து எல்லாத் தூண்களையும் ஏந்தும் மரத்தில், தேங்கி அதை உளுக்க வைக்கிறது. வெளியே பூச்சு பளபளப்பாகவே இருக்கும். வில்லியம் மோரிஸ் முன்னின்று 1877-இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகம், பழையதுபோலப் புதுப்பிப்பதைக் கைவிட்டு, உள்ளதைப் பழுதுபார்த்துக் காக்குமாறு அன்றே கேட்டுக்கொண்டது. உளுத்த தூணின் அடியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய ஓக் துண்டைச் சாய்வெட்டாகப் பொருத்தி முளையிடுவதும், புதிய மரம் புதியதாகவே தெரியுமாறு விடுவதும் அக்கொள்கையின் வழிவந்த நடைமுறைகள்.

ஆகவே இம்மடல் மாணவரிடம் கேட்பது பெரிதன்று. அடுத்த முறை மரச்சட்டகக் கட்டடம் ஒன்றைப் பாடத்துக்காக வரையும்போது, முகப்பை வரைவதற்கு முன் தூணின் தலையை முப்பரிமாணத்தில், நாக்குகளும் துளைகளும் பிரிந்து நிற்குமாறு வரைந்து பார்க்கலாம். சாய்தாங்கி எந்தப் பக்கம் இருக்கிறது, அடிச்சட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் எதன்மேல் அமர்ந்திருக்கிறது, மழைநீர் எங்கே வடிகிறது என்பவற்றை வெட்டுத்தோற்றத்தில் குறிக்கலாம். ஆசிரியர்களும் மதிப்பெண்ணை முகப்பின் நேர்த்திக்கு மட்டும் வழங்காமல் இவ்வரைபடங்களுக்கும் பகிர்ந்தளிக்கலாம். லாவெனத்துக்குச் செல்ல இயலாதோர்க்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் மரவேலை வேறொரு மரபைச் சேர்ந்தது, ஓக்கும் அங்கே இல்லை, கூரையின் அமைப்பும் வேறு. ஆனால் கைமரம் விட்டத்தில் எங்கே அமர்கிறது, எதனால் நழுவாமல் நிற்கிறது என்ற கேள்வியை அங்கேயும் அண்ணாந்து பார்த்துக் கேட்கலாம். வழிகாட்டி அடுத்த அறைக்கு அழைக்கும் வரை அதற்கு நேரமும் கிடைக்கும்.